பட்டை நல்லதுதான்... ஆனால், எந்தப் பட்டை?

அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன டப்பா எல்லார் வீட்டிலும் இருக்கும். பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ எல்லாம் அதற்குள்தான். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை குருமாவுக்கோ பிரியாணிக்கோதான் அந்த டப்பாவைத் திறப்பார்கள். இப்போது பல வீடுகளில் தினமும் விடிந்தவுடன் திறக்கிறார்கள். வெறும் வயிற்றில் வெந்நீர், அதில் ஒரு ஸ்பூன் பட்டைத் தூள்!

'சர்க்கரை இறங்கும்', 'தொப்பை கரையும்', 'கொழுப்பு ஓடிப்போகும்' என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடக்கப் போனால் அங்கேயும் இதே பேச்சு. "மூலிகைதானே டாக்டர், பக்க விளைவு என்ன வரப்போகுது?" என்று என்னிடமே கேட்கிறார்கள்.

பட்டை அருமையான மருந்துச் சரக்கு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் விழுங்குவது எந்தப் பட்டை, எவ்வளவு, எத்தனை நாள்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் ஸ்பூனை எடுக்காதீர்கள். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு பெயர், இரண்டு மரம்

தாம்பரம் மார்க்கெட்டில் மளிகைக் கடைக்குப் போய் 'பட்டை 50 கிராம்' என்று கேளுங்கள். தடிமனாக, கருஞ்சிவப்பாக, கையால் ஒடித்தால் 'டக்'கென்று முறிகிற பட்டையைத்தான் பெரும்பாலும் நிறுத்துக் கொடுப்பார்கள். அது சீனத்துப் பட்டை இனம். ஆங்கில மருத்துவ நூல்களில் இதற்குக் 'காசியா' என்று பெயர். சீனா, வியட்நாம், இந்தோனேசியா நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது.

அதே தெருவில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் 'சுருள் பட்டை' என்று கேட்டுப் பாருங்கள். காகிதம் மாதிரி மெல்லியதாக, ஒன்றுக்குள் ஒன்றாகப் பல அடுக்கு சுருண்டு, சுருட்டு போல ஒன்று வரும். வெளிர் பழுப்பு நிறம். விரலால் அழுத்தினாலே நொறுங்கும். வாசனையில் காரம் குறைவு, இனிப்பு அதிகம். விலையைக் கேட்டால் மட்டும் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். மளிகைக் கடைப் பட்டையைப்போல் சில மடங்கு சொல்வார்கள். இதுதான் அசல் இலவங்கப்பட்டை. இலங்கைத் தமிழர்கள் 'கறுவா' என்கிறார்கள். கொழும்பு நகரில் 'கறுவாத் தோட்டம்' என்றே ஒரு பகுதி உண்டு. நம் பக்கத்தில் கேரளாவின் கண்ணூர் அருகே அஞ்சரக்கண்டியில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே இதற்குப் பெரிய தோட்டம் போட்டார்கள்.

இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள். அக்கா, தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். முகச்சாயல் ஒன்று, குணம் வேறு.

பெயர்க் குழப்பம் இதோடு முடியவில்லை. 'லவங்கம் கொடுங்க' என்றால் சில கடைக்காரர்கள் கிராம்பை எடுத்துக் கொடுப்பார்கள். இந்தியில் பட்டைக்கு 'தால்சீனி'. பாரசீக மொழியில் 'சீனத்து மரம்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் நம் நாட்டின் 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளில் 'தால்சீனி' என்ற பெயர் இலங்கை வகைக்குத்தான் தரப்பட்டிருக்கிறது. சீன வகைக்கு அங்கே 'தாஜ்' என்று பெயர். சட்டத்தில் இரண்டும் தனித்தனிச் சரக்கு. நம் வீட்டு டப்பாவில் இரண்டும் ஒன்றாகிவிட்டது!

சீன வைத்தியர் கையில் இந்தப் பட்டை

தடிமனான பட்டை என்றால் கலப்படம், மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். சீன மருத்துவத்தில் அதற்கு ராஜ மரியாதை. தண்டின் பட்டைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரோ குய்'. இளம் கிளைக்கு 'குய் ஜி'. ஒரே மரம்தான், ஆனால் இரண்டு தனி மருந்து.

தண்டுப் பட்டை அவர்கள் கணக்கில் கடும் வெப்பச் சரக்கு, காரமும் இனிப்பும் கலந்தது. உடம்பின் உள் நெருப்பு அணைந்து போனவர்களுக்கு அதைக் கொடுப்பார்கள். கை, கால் எப்போதும் சில்லென்று இருப்பவர்கள், இடுப்பும் முழங்காலும் குளிர்ந்து வலிப்பவர்கள், குளிர்ச்சியால் வயிற்று வலியும் பேதியும் வருபவர்கள், மாதவிலக்கில் அடிவயிறு இழுத்துப் பிடித்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் சுகப்படும் பெண்கள்... இவர்களுக்குத்தான் அந்த மருந்து. இளம் கிளையோ சளி, குளிர் காய்ச்சல் தொடங்கும்போது வியர்க்க வைப்பதற்கு.

கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்ற வைத்தியர் எழுதிய 'ஷாங்ஹான் லுன்' என்ற நூலில் இந்தக் கிளையை முதன்மையாக வைத்து ஒரு கஷாயம் சொல்லியிருக்கிறார். பட்டைக் கிளையோடு இஞ்சி, அதிமதுரம், இலந்தை இனப் பழம், பியோனி என்ற செடியின் வேர் என்று மொத்தம் ஐந்து சரக்கு. குடித்த பிறகு சூடான கஞ்சி குடித்து, போர்த்திக்கொண்டு படுக்க வேண்டுமாம். நம் பாட்டி சொன்ன மாதிரியே இல்லை?

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சீன வைத்தியர் பட்டையைத் தனியாக, எல்லாருக்கும், வருஷக் கணக்கில் கொடுப்பதில்லை. இன்றைய சீன அரசு மருந்து நூல் சொல்லும் ஒரு நாள் அளவு 1 முதல் 5 கிராம். அதுவும் வைத்தியர் நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, மற்ற சரக்குகளோடு சேர்த்து, குறிப்பிட்ட நாளுக்கு எழுதிக் கொடுப்பது. கர்ப்பிணிகளுக்கும் ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் எச்சரிக்கை வேண்டும் என்று அந்த நூலே சொல்கிறது. உடம்பில் சூடு மிகுந்தவர்களுக்கு அவர்களும் கொடுப்பதில்லை.

கஷாயத்தை அடுப்பிலிருந்து இறக்கப் போகும் நேரத்தில்தான் பட்டையைப் போடுவார்கள். காரணம், அதன் மருந்துச் சத்தில் பெரும்பகுதி ஆவியாகிற எண்ணெய். முதலிலேயே போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் வாசனை வீட்டுக்கு, வெறும் தண்ணீர் நோயாளிக்கு!

நம் சித்த மருத்துவத்தில்

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்தபோது, குணபாடம் செய்முறைத் தேர்வில் தட்டுத் தட்டாகச் சரக்குகளை வைத்திருப்பார்கள். பார்த்து, முகர்ந்து, ஒடித்து, நாக்கில் வைத்துப் பெயர் சொல்ல வேண்டும். பெயர் தவறினால் அதன் குணம், அளவு எல்லாம் சரியாக எழுதியும் பிரயோஜனம் இல்லை. 'சரக்கு தெரியாதவன் வைத்தியனே இல்லை' என்பதுதான் அங்கே முதல் பாடம்.

இலவங்கப்பட்டையை அகட்டுவாய்வகற்றி என்று படித்தோம். வயிற்றில் கட்டி நிற்கும் வாயுவைக் கலைத்து வெளியேற்றுவது என்று அர்த்தம். பசியைத் தூண்டும், குமட்டலை அடக்கும், வாய் நாற்றத்தைப் போக்கும், சளியை இளக்கும். இருமலுக்கும் இரைப்புக்கும் நாங்கள் தருகிற தாளிசாதி சூரணத்தில் பட்டை உண்டு. ஆயுர்வேதத்தின் சிதோபலாதி சூரணத்திலும் உண்டு. அதில் கற்கண்டு 16 பங்கு, மூங்கிலுப்பு 8, திப்பிலி 4, ஏலம் 2, பட்டை 1 பங்கு. மொத்தம் 31 பங்கில் பட்டை ஒரே ஒரு பங்கு! பெரியவர்கள் எவ்வளவு நிதானமாக அளந்திருக்கிறார்கள், பாருங்கள்.

சில மருந்து முறைகளில் 'சன்ன இலவங்கப்பட்டை' என்றே எழுதியிருக்கும். சன்னம் என்றால் மெல்லியது. அதாவது சுருள் பட்டை. கூடவே சுத்தி முறையும் உண்டு. சுக்கில் மேல்தோலைச் சீவ வேண்டும், கடுக்காயில் கொட்டையை நீக்க வேண்டும் என்று சொல்வது போல, பட்டையிலும் வெளிப்புறச் சொரசொரப்பை நீக்கி உள்பட்டையைத்தான் எடுக்க வேண்டும். இலங்கையில் கறுவா உரிப்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். இளம் தண்டை வெட்டி, மேல்பட்டையைச் சுரண்டி எறிந்து, பித்தளைக் கோலால் தேய்த்து இளக்கி, உள்பட்டையை உரித்துச் சுருட்டிக் காயவைக்கிறார்கள்.

அப்புறம் அனுபானம், பத்தியம், காலம். 'ஒரு மண்டலம் சாப்பிடுங்க' என்றால் 48 நாளில் அது முடிகிறது. முடிந்ததும் வைத்தியர் திரும்பப் பார்ப்பார். முடிவே இல்லாமல் தினமும் விழுங்குவது எந்த மரபிலும் இல்லை.

சர்க்கரையைக் குறைக்குமா?

எல்லாரும் கேட்கிற கேள்வி இதுதான். நேர்மையாகப் பதில் சொல்கிறேன்.

2003-ல் பாகிஸ்தானில் ஒரு ஆய்வு நடந்தது. சர்க்கரை நோயுள்ள 60 பேர். பாதிப் பேருக்கு சீன வகைப் பட்டைத் தூள் தினமும் 1, 3 அல்லது 6 கிராம் என்று 40 நாள் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் மாவு. பட்டை சாப்பிட்டவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 சதவீதம் வரை குறைந்ததாக வெளியிட்டார்கள். அன்றைக்குப் பிடித்த பட்டை ஜுரம் இன்னும் விடவில்லை! ஆனால் அந்த 60 பேரும் தங்கள் வழக்கமான சர்க்கரை மாத்திரையை நிறுத்தவில்லை. மாத்திரையோடு சேர்த்துத்தான் பட்டை. வாட்ஸ்அப்பில் வரும்போது இந்த ஒரு வரி மட்டும் காணாமல் போய்விடுகிறது.

அதற்குப் பிறகு பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. சிலவற்றில் கொஞ்சம் குறைந்தது, சிலவற்றில் ஒரு வித்தியாசமும் இல்லை. 2012-ல் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 10 ஆய்வுகளை, 577 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தது. 'சர்க்கரை நோய்க்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லை' என்பதுதான் அவர்கள் முடிவு.

சேலையூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பத்து வருஷமாகச் சர்க்கரை. மூன்று மாதமாகக் காலையிலும் இரவிலும் ஒவ்வொரு ஸ்பூன் பட்டைத் தூள். "கால் எரியுது ஐயா, ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கேன்" என்றார். "மாத்திரை?" என்று கேட்டேன். கூட வந்த அம்மா முந்திக்கொண்டார். "அதை எங்க போடுறாரு? ராத்திரி மாத்திரையை அவரே நிறுத்திட்டாரு. பட்டை போதுமாம்!" வெறும் வயிற்றுச் சர்க்கரை 200-ஐத் தாண்டியிருந்தது. பட்டையை நிறுத்தச் சொல்லி, அன்றைக்கே அவருடைய சர்க்கரை டாக்டரிடம் திருப்பி அனுப்பினேன். மாத்திரை சீரான பிறகு, அவர் வயிற்றுப் பொருமலுக்கு மட்டும் நான் மருந்து கொடுத்தேன்.

சித்த மருத்துவன் நானே சொல்கிறேன். பட்டையை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தாதீர்கள், குறைக்காதீர்கள். மாத்திரையோடு சேர்த்து அதிகமாகச் சாப்பிட்டாலும் சிலருக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது.

கூமரின் என்ற கணக்கு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். சீன வகைப் பட்டையில் 'கூமரின்' என்ற இயற்கைப் பொருள் இருக்கிறது. அதுவும் ஒரு நறுமணப் பொருள்தான். ஆனால் அதிக அளவில் தொடர்ந்து உள்ளே போனால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். அமெரிக்காவில் 1954-லேயே இதை உணவில் தனியாகச் சேர்க்கத் தடை போட்டார்கள். 2006-ல் ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் பிஸ்கட்டில் கூமரின் அதிகம் இருப்பதாகப் பெரிய விவாதமே நடந்தது.

ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வரை வாழ்நாள் முழுக்க உள்ளே போனாலும் பாதிப்பில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மில்லிகிராம்.

சீன வகைப் பட்டையில் கிராமுக்குச் சராசரியாக 3 மில்லிகிராம் கூமரின். அப்படியானால் 2 கிராம் பட்டைத் தூளிலேயே ஒரு நாள் கணக்கு முடிந்துவிட்டது. ஒரு டீஸ்பூன் தூள் சுமார் இரண்டரை கிராம். சேலையூர்ப் பெரியவர் மாதிரி இரண்டு ஸ்பூன் என்றால் 15 மில்லிகிராம். அளவைப்போல் இரண்டரை மடங்கு! 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அரை கிராம்தான் எல்லை. மரத்துக்கு மரம் கூமரின் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சுருள் பட்டையில்? மிகச் சொற்பம். கணக்கில் வராத அளவு என்றே சொல்லலாம். தங்கைக்கும் அக்காவுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான்.

பயந்துவிடாதீர்கள். 2 கிராமைத் தாண்டிய மறுநாளே கல்லீரல் கெட்டுவிடாது. எப்போதாவது தாண்டினால் ஒன்றும் ஆகாது. மாதக் கணக்கில் தாண்டும்போது, அதற்கு உடம்பு ஒத்துக்கொள்ளாத சிலருக்குத்தான் பிரச்னை. நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அந்தச் சிலரில் நீங்கள் ஒருவரா என்பது முன்கூட்டியே தெரியாது. அதுதான் சிக்கல்.

பிரியாணியில் போடுகிற பட்டையைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஆறு பேருக்கு இரண்டு துண்டு போடுகிறீர்கள், சாப்பிடும்போது அதையும் இலை ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறீர்கள். சமையல் வேறு, மருந்து வேறு.

பெயர் மாறினால் என்ன ஆகும்?

'ஏதோ ஒரு பட்டை, என்ன பெரிய வித்தியாசம்' என்று நினைப்பவர்களுக்கு ஒரு உண்மைச் சம்பவம் சொல்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் எடை குறைக்கும் சிகிச்சையில் சீன மூலிகைகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். 'ஃபாங் ஜி' என்ற வேருக்குப் பதிலாக 'குவாங் ஃபாங் ஜி' என்ற வேறொரு செடியின் வேர் கலந்துவிட்டது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் அந்த இரண்டாவது செடியில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு இருந்தது. நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பலருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்க வேண்டியதாயிற்று.

பட்டையில் அவ்வளவு கொடுமை இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். மூலிகை மருத்துவத்தில் பெயரும் அடையாளமும் பாதி வைத்தியம்.

தூளாக வாங்காதீர்கள்

2023-ல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழ்ப் பொட்டலங்களைச் சாப்பிட்ட நூற்றுக்கணக்கான குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது. தேடிப் பார்த்தால் காரணம் அதில் கலந்த பட்டைத் தூள்! தூளாக்கும் இடத்தில் கலப்படம் நடந்திருக்கிறது. 2024-ல் அங்கே இன்னும் சில பட்டைத் தூள் பொட்டலங்களிலும் ஈயம் இருப்பதாக அரசு எச்சரித்தது.

தூளாகிவிட்டால் சீனமா, இலங்கையா, வேறு எதுவுமா என்று கண்ணால் சொல்ல முடியாது. முழுப் பட்டையாக வாங்குங்கள். துடைத்து, ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்து, வேண்டிய அளவை மிக்ஸியில் பொடித்துச் சலித்து, காற்றுப் புகாத பாட்டிலில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வேண்டியதைப் பொடிக்காதீர்கள். வாசனை போன பட்டையில் மருந்தும் போய்விட்டது.

பட்டை மருந்து யாருக்கு ஆகாது?

* கர்ப்பிணிகள். சமையலில் சேர்ப்பது பரவாயில்லை, மருந்தளவில் வேண்டாம்.
* மஞ்சள் காமாலை வந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் மது அருந்துபவர்கள்.
* ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள். பட்டையில் உள்ள கூமரின் நேரடியாக ரத்தத்தை இளக்குவதில்லை. ஆனாலும் இந்த மாத்திரைகளின் அளவு நூலிழையில் நிற்பது. எது கூடினாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான்.
* வயிற்றுப் புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள், பித்த உடம்புக்காரர்கள்.
* மாதவிலக்கில் அதிகப் போக்கு உள்ளவர்கள், மூல நோயில் ரத்தம் போகிறவர்கள்.
* அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள்.
* ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

வீட்டில் எப்படிப் பயன்படுத்தலாம்?

இந்த முறைகளுக்குச் சுருள் பட்டையையே வாங்குங்கள்.

வயிற்றுப் பொருமலுக்கு: சுருள் பட்டைத் தூள் இரண்டு சிட்டிகை, ஏலத் தூள் ஒரு சிட்டிகை, சுக்குத் தூள் ஒரு சிட்டிகை. சாப்பாட்டுக்குப் பிறகு வெந்நீரில். இரண்டு, மூன்று நாள் போதும்.

மழைக்காலச் சளிக்கு: சுக்கு, மிளகு, அதிமதுரம் தட்டிப் போட்டு இரண்டு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராக வற்ற வையுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, விரல் கணு அளவு சுருள் பட்டையை நொறுக்கிப் போட்டு ஐந்து நிமிஷம் மூடி வையுங்கள். வடிகட்டி, பனங்கற்கண்டு சேர்த்துக் குடிக்கலாம். சர்க்கரை நோயாளிகள் கற்கண்டு இல்லாமல்.

வாய் நாற்றத்துக்கு: சின்னத் துண்டு சுருள் பட்டையை மென்று துப்பிவிடுங்கள். பட்டை எண்ணெயை நேராகப் பல்லிலோ தோலிலோ தடவ வேண்டாம், புண்ணாகும்.

மொத்தத்தில் ஒரு நாளைக்கு அரை கிராம், அதாவது கால் டீஸ்பூனுக்கும் குறைவு. ஒரு வாரத்துக்கு மேல் வேண்டியிருந்தால் வைத்தியரைப் பாருங்கள்.

கேட்கிறார்கள்... சொல்கிறேன்!

"ஆறு மாசமா மளிகைக் கடைப் பட்டைதான் தினமும் ஒரு ஸ்பூன் சாப்பிடுறேன். இப்ப என்ன பண்றது?"

நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதால் எந்தக் கெடுதலும் இல்லை. பசியின்மை, குமட்டல், வலது விலாவுக்குக் கீழே வலி, கண்ணிலோ சிறுநீரிலோ மஞ்சள், இவற்றில் எதுவும் இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். இல்லாவிட்டாலும் கல்லீரல் பரிசோதனை ஒன்று செய்து பார்ப்பது மனசுக்கு நிம்மதி. சர்க்கரை நோயாளி என்றால் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

"அப்ப சுருள் பட்டைன்னா எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாமா டாக்டர்?"

கூடாது! கூமரின் பயம் மட்டும்தான் குறைவு. வயிற்று எரிச்சல், வாய்ப்புண், மாத்திரைகளோடு மோதல், இதெல்லாம் அதிலும் உண்டு.

"தேனும் பட்டையும் சேர்த்துச் சாப்பிட்டா உடம்பு இளைக்குமாமே?"

தேனும் இனிப்புதான். நடக்காமல், சாப்பாட்டைக் குறைக்காமல், தேனும் பட்டையும் எடையைக் குறைக்காது.

"மூலிகையால ஏதாவது பாதிப்புன்னா யார்கிட்ட சொல்றது?"

நல்ல கேள்வி. தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் நம் பகுதிக்குப் பெரிய கொடை. அங்கே வெளிநோயாளிகள் பிரிவு இருக்கிறது. சித்த மருந்துகளால் ஏற்படும் பக்க விளைவுகளைப் பதிவு செய்யும் ஏற்பாடும் அங்கே உண்டு. குரோம்பேட்டையோ, பல்லாவரமோ, பெருங்களத்தூரோ, மின்சார ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் சானடோரியத்தில் இறங்கிவிடலாம். போகும்போது நீங்கள் சாப்பிட்ட பட்டையில் ஒரு துண்டும், தினமும் சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டும் கையோடு கொண்டுபோங்கள்.

எந்த மருத்துவரிடம் போனாலும், "நான் வீட்டில் இன்ன மூலிகை சாப்பிடுகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அலோபதி டாக்டர் திட்டுவார் என்று பயந்து பலர் மறைத்துவிடுகிறார்கள். சித்த மருத்துவரிடம் வரும்போது இங்கிலீஷ் மாத்திரையை மறைக்கிறார்கள். இரண்டு பேருக்கும் முழு விவரம் தெரிந்தால்தான் உங்களுக்குச் சரியான வைத்தியம் நடக்கும்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். அந்த டப்பாவிலிருந்து ஒரு துண்டுப் பட்டையை எடுத்து ஒடித்துப் பாருங்கள். தடித்து, ஒற்றைப் பட்டையாக முறிந்தால் குருமாவுக்கு வையுங்கள். காகிதம் போல அடுக்கடுக்காக நொறுங்கினால் மருந்துக்கு எடுத்து வையுங்கள். அதையும் ஸ்பூனால் அள்ளாமல், சிட்டிகையால் எடுங்கள்.